‘எல்லாம் நார்மல்’ என்று வந்த பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி–பதில் பகுதியைத் தவறாமல் வாசிப்பவள் நான். ஊரும் வயதும் மாறினாலும் அதில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. பல மாதங்களாக நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, கை கால் எரிச்சல், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி, தலைக்கு எம்.ஆர்.ஐ. என்று ஒன்று விடாமல் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல் என்கிறார்கள். அப்படியானால் எனக்கு என்னதான் நோய்? இதற்கு அச்சாகும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பரிசோதனைகளில் குறை எதுவும் தெரியாததால் இது மன அழுத்தத்தால் வருவது. கவலையை விட்டுவிட்டு யோகா செய்யுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவப் புறநோயாளிகள் பிரிவில் நீண்ட காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவு பல நேரங்களில் சரியாகவே இருக்கக்கூடும். ஆனால், பரிசோதனையில் எதுவும் அகப்படவில்லை என்ற இடத்திலிருந்து நேராக மனத்துக்குத் தாவுகிற அந்த வழி தவறானது. உடலில் நோய் ஒளிந்திருப்பவரை அது பாதி வழியில் நிறுத்திவிடுகிறது. உண்மையிலேயே மனத்தின் பாரம் உடலில் இறங்கியிருப்பவரையோ, வேறொன்றும் இல்லாததால் மிஞ்சியவர் என்ற நிலையில் வைத்து, சிகிச்சை தொடங்கும் முன்பே அவமானப்படுத்தி அனுப்பிவிடுகிறது.

மனத்தின் நிலை உடலை நோய்ப்படுத்தும் என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. பதற்றத்தில் இருப்பவர் தம்மை அறியாமலேயே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குகிறார். ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதனால் குறைகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அயனி வடிவில் உள்ள கால்சியம் இறங்குகிறது. விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்துப்போகின்றன. சிலருக்கு விரல்கள் கோணி இறுகிக்கொள்கின்றன. பக்கவாதம் வந்துவிட்டது என்று ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அந்த விரல்கள் மெய்யாகவே இறுகியிருந்தன, யாரும் நடிக்கவில்லை. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ஆம் ஆண்டில் விவரித்த டகோட்சுபோ என்னும் இதயக் கோளாறு இன்னும் கண்கூடானது. கணவரையோ பிள்ளையையோ திடீரென்று பறிகொடுத்த அதிர்ச்சியில், பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, இதயத்தின் இடது கீழறை பலூன் போல் உப்பிச் சில நாள்களோ வாரங்களோ சரியாகச் சுருங்க மறுக்கிறது. ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது, ஆனால் எக்கோவில் மாற்றம் தெளிவாகத் தெரியும். துக்கத்தால் வந்தது என்பதற்காக அதை யாரும் கற்பனை என்று சொல்ல முடியாது.

ஆனால் மருத்துவ வரலாற்றில் மனத்தின் கணக்கில் எழுதப்பட்டுப் பிறகு அடித்துத் திருத்தப்பட்ட நோய்களும் உண்டு. வயிற்றுப் புண் அவற்றில் ஒன்று. கவலை, கோபம், காரம், ஓயாத வேலை ஆகியவையே அதற்குக் காரணம் என்று 1980-கள் வரை மருத்துவர்களே நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா குடியிருப்பதைக் கண்டு சொன்னபோது நம்புவார் அதிகம் இல்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்து, சில நாள்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரைகளாலும் வயிற்றுப் புண் வரும் என்பது வேறு செய்தி. ஆண்டுக்கணக்கில் ‘மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை கேட்டவர்களில் மிகப் பலருக்குத் தேவைப்பட்டது ஓரிரு வார ஆன்டிபயாடிக் மருந்துதான். நம் ஊரிலோ இன்றும் ‘டென்ஷன் ஆகாதே, அல்சர் வந்துவிடும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நரம்பியல் துறையில் இந்தத் தவறு இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. லண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள தேசிய நரம்பியல் மருத்துவமனையில் 1950-களில் ‘ஹிஸ்டீரியா’, அதாவது மனத்தால் வந்த உடல் உபாதை, என்று முடிவு கட்டி அனுப்பப்பட்ட 85 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று எலியட் ஸ்லேட்டர் என்ற மனநல மருத்துவர் தேடிப் பார்த்தார். அவர்களில் பலருக்கு நரம்பு மண்டலத்தில் மெய்யான நோய் இருந்தது பின்னர் தெரியவந்தது. சிலர் இறந்தும் போயிருந்தார்கள். அந்த நோயறிதலே மருத்துவரின் அறியாமையைப் போர்த்தி மறைக்கும் போர்வை என்ற கருத்தை 1965-இல் அவர் கடுமையாகவே எழுதினார். நியாயமாகச் சொல்வதானால் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, 1950-களின் ஆய்வுகளில் சுமார் 29 சதவீதமாக இருந்த தவறான நோயறிதல், 1970-கள் முதலான ஆய்வுகளில் சுமார் 4 சதவீதமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. மற்ற நோய்களிலும் ஏறத்தாழ இந்த அளவுக்குத் தவறு நேர்வதுண்டு. ஆகவே மருத்துவர்கள் எப்போதுமே தவறுகிறார்கள் என்று இணையத்தில் கூச்சலிடுபவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் அந்த 4 சதவீதம், முறையாகப் பரிசோதித்துத் தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகளிடமிருந்து கிடைத்த கணக்கு. கூட்டம் முண்டியடிக்கும் நம் புறநோயாளிகள் பிரிவுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

அந்தப் பிரிவில் நடப்பதைச் சொல்கிறேன். மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போய்ச் சேரும் இடத்தை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வருவது. உழைக்க உழைக்கத் தசை சோர்ந்துபோகும், ஓய்வெடுத்தால் தேறிக்கொள்ளும். காலையில் எழும்போது நன்றாக இருக்கும் பெண்ணுக்குப் பொழுது சாயச் சாய இமை தொங்கும், சாப்பாட்டை மெல்ல முடியாமல் தாடை அசந்துபோகும், பேச்சு மூக்கால் வரும். நம் அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவு நடப்பதோ காலை வேளையில். இரவு முழுவதும் உறங்கி எழுந்து வந்து நிற்பவரிடம் மருத்துவர் என்ன குறையைக் காண முடியும்? ‘சாயங்காலம் ஆனால்தான் இப்படி’ என்று அவர் சொல்லும்போது, மாலையில் வேலை முடிந்து வரும் கணவனோடோ மாமியாரோடோ ஏதோ பிணக்கு என்று எதிரில் இருப்பவர்கள் புன்னகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ. இதைக் காட்டாது. மேலே பார்த்தபடி ஒரு நிமிடம் இமைக்காமல் இருக்கச் சொன்னால் இமை மெல்ல இறங்குவது தெரியும்; இறங்கிய இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் கட்டியை வைத்தெடுத்தால் பலருக்கு அது மீண்டும் உயரும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்வதற்கு முதலில் அவர் சொல்வதை நம்பவாவது வேண்டும். அதேபோல், திடீரென்று பிதற்றி, காரணமின்றி அஞ்சி, உறக்கம் கெட்டு மனநலப் பிரிவிலும் கோயில் வாசல்களிலும் கொண்டுவிடப்பட்ட இளம்பெண்களில் சிலருக்கு மூளை அழற்சி இருக்கக்கூடும் என்பது 2007-இல் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், மூளை நரம்பணுக்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறிந்த பிறகே உலகுக்குத் தெரிந்தது.

அப்படியானால் எந்த முடிவுக்கும் வராமல் பரிசோதனைகளை அடுக்கிக்கொண்டே போவதா என்று கேட்கலாம். கூடாது, அது வேறொரு படுகுழி. முதுகுவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருக்கிறது, என்று எழுதியிருந்தால் நோயாளி அன்று முதல் குனிவதற்கே அஞ்சுகிறார். வலியே இல்லாத 50 வயதினரிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தப் பிதுக்கம் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’, சினைப்பையில் ஒரு சிறு நீர்க்கட்டி என்று தேடாத ஒன்று ஒவ்வொரு ஸ்கேனிலும் அகப்படும். அதுவே எல்லா உபாதைக்கும் காரணமாகிவிடும். அதன் பின்னால் ஓராண்டு ஓடிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மருத்துவத்தில் ஒரு வழி இருக்கிறது. வாசகர்கள் அறிய வேண்டியதும் தங்கள் பகுதியில் வராததும் அதுதான். மனம், நரம்பு, உடல் ஆகியவை சேர்ந்து இயங்கும் முறையில் ஏற்படும் கோளாறை, மற்ற நோய்கள் இல்லை என்பதைக் கொண்டு மட்டும் அல்லாமல், அதற்கே உரிய அடையாளங்களைக் கொண்டு கண்டறியலாம். ஒரு கால் செயலிழந்துவிட்டதாகச் சொல்பவரைப் படுக்க வைத்து, அந்தக் காலின் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் தம் கையை வைத்துக் கீழே அழுத்தச் சொல்கிறார். அழுத்தம் வருவதில்லை. பிறகு நல்ல காலை உயர்த்தச் சொல்லி, மற்றொரு கையால் அதைத் தடுக்கிறார். நல்ல காலை உயர்த்த முயலும் அந்தக் கணத்தில், செயலிழந்த காலின் குதிகால் தானாகவே மருத்துவரின் கையைப் பலமாக அழுத்துகிறது. 1908-இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்த இந்தச் சோதனையை ‘பொய்யைக் கண்டுபிடிக்கும் தந்திரம்’ என்று சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். இன்று நல்ல நரம்பியல் மருத்துவர்கள் இதை நோயாளிக்கே செய்து காட்டுகிறார்கள்: ‘பாருங்கள், உங்கள் காலில் பலம் இருக்கிறது, நரம்பும் அறுபடவில்லை, நீங்கள் நினைத்து அசைக்கும்போது மட்டும் மூளையின் கட்டளை வழிதவறுகிறது, பயிற்சியால் இதை மீட்கலாம்.’ கேட்பவருக்குக் கிடைப்பது பழி அல்ல, விளக்கம். அங்கிருந்து பிசியோதெரபி தொடங்க முடிகிறது.

வலிப்பிலும் இப்படித்தான். வலிப்பு போலவே தோன்றினாலும் மூளையின் மின் இயக்கத்தில் மாற்றம் இல்லாமல் வரும் தாக்கங்கள் உண்டு. பெரும்பாலும் கண்கள் இறுக மூடியிருக்கும். கால்–கை வலிப்பில் பெரும்பாலும் கண்கள் திறந்திருக்கும். இந்தத் தாக்கங்களிலோ தலை பக்கவாட்டில் ஆடும். சில நிமிடங்களில் முடியாமல் நீளும். மூளையின் மின் இயக்கத்தைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யை வீடியோவுடன் எடுக்கும்போது ஒரு தாக்கம் பதிவானால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். அந்த வசதி பெரிய மருத்துவமனைகளில்தான் உள்ளது என்பதால், தேவையே இல்லாத ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கி, ஈறுகள் தடித்து வீங்கி நிற்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும் என்பதால் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. வீட்டார் பதறாமல் கைபேசியில் எடுத்துவரும் ஒரு வீடியோ மருத்துவருக்கு எவ்வளவு உதவும் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டிலும், உடல் உபாதை சார்ந்த மனநலக் கோளாற்றை முடிவு செய்ய ‘மருத்துவக் காரணம் எதுவும் தெரியவில்லை’ என்பதே அடிப்படை என்ற பழைய விதி நீக்கப்பட்டுவிட்டது. உபாதை எதனால் வந்தாலும், அதைப் பற்றிய அச்சமும் அலைச்சலும் வாழ்க்கையை எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்றுதான் இப்போது பார்க்கச் சொல்கிறார்கள். இதய நோயாளிக்கும் அந்த அச்சம் இருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் தேவைப்படுவது நேரம். நம்மிடம் இல்லாததும் அதுவே. பல நாடுகளில் நோயாளியோடு மருத்துவர் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, சுவீடனில் அது 20 நிமிடங்களுக்கு மேல் என்றும் இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடங்கள் என்றும் காட்டியது. எனக்கு அதில் வியப்பில்லை. கட்டைப்பை நிறையக் கோப்புகளும் நீளமான ஸ்கேன் கவர்களுமாக வரும் அம்மா, பையை அவிழ்ப்பதற்குள் அடுத்தவர் ஓ.பி. சீட்டை நீட்டிவிடுவார். போன மாதம் பார்த்த மருத்துவர் இந்த மாதம் இருக்க மாட்டார். புதியவருக்குக் கதையை முதலிலிருந்து சொல்ல நேரமில்லை என்பதால் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதப்படும். வெளியில் போய் ஒரு சத்து ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்றிக்கொள்வார். யாரோ ஒரு மருத்துவர் அக்கறையோடு கேட்டு, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் போடச் சொல்லி எழுதியிருப்பார். அது நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், குடல் எரிச்சல் நோயின் வயிற்றுவலிக்கும் குறைந்த அளவில் தரப்படுகிற மருந்து. வீட்டில் மகன் கைபேசியில் தேடிப் பார்த்து, ‘இது மனச்சோர்வுக்கான மாத்திரை, உனக்கு மெண்டல் என்று நினைத்துவிட்டார்கள்’ என்பான். மாத்திரை அன்றே குப்பைக்குப் போகும். எழுதியவர் இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அது வேலை செய்திருக்கக்கூடும்.

பெண்கள் இதில் படும் பாட்டைத் தனியாகவே எழுத வேண்டும்; சுருக்கமாகச் சொல்கிறேன். மாதவிலக்கு நாள்களில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’, பிறகு ‘ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லிச் சொல்லியே எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போகிறது. தாடை வலி, மூச்சு வாங்கல், குமட்டல் என்று வரும் மாரடைப்பு ‘கேஸ் டிரபிள்’ ஆகிவிடுகிறது, இல்லையென்றால் பதற்றமாகிவிடுகிறது. மனச்சோர்வுக்கு ஒரு முறை மாத்திரை சாப்பிட்ட விவரம் கோப்பில் இருந்துவிட்டால், அதற்குப் பிறகு அவளுக்கு வரும் எந்த வலியும் மருத்துவர் காதில் பாதிதான் விழுகிறது.

ஆண்களைப் பற்றிச் சொல்லும்போது தங்கள் நாளிதழிடமே ஒரு முறையீடு இருக்கிறது. விந்து வீணாவதால் உடல் உருகுகிறது என்று நம்பி, களைப்பு, இடுப்பு வலி, ஞாபக மறதி என்று வரும் இளைஞர்களின் நிலையை 1960-இல் நரேந்திர நாத் விக் என்ற இந்திய மனநல மருத்துவர் ‘தாது நோய்க்குறி’ என்று அடையாளப்படுத்தினார். அச்சமே உபாதையாக இறங்குவதற்கு நம் நாட்டிலேயே இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. பொறுமையாக விளக்கினாலும், இருக்கும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தந்தாலும் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனால் ‘இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?’ என்று கேட்டு, இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் இன்ன தேதியில் வைத்தியர் தங்குகிறார் என்று அறிவிக்கும் விளம்பரங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் பல காலமாக அச்சிட்டு வந்திருக்கின்றன. தங்கள் நாளிதழின் உள்பக்கங்களிலும் நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய விளம்பரங்களைத் தடுக்கவே 1954-இல் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் வந்தது. ஒரு பக்கத்தில் மன அமைதிக்கு யோகா சொல்லிவிட்டு மறுபக்கத்தில் அச்சத்தை விற்பதற்கு இடம் கொடுப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிய செலவுள்ள ஒன்றல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாள்களில் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தனி அறையும் தனிப் பலகையும் வைத்து ஒதுக்காமல், பொது மருத்துவப் பிரிவிலேயே ஒரு மேசை போட்டால், ‘அந்த’ அறைக்குப் போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் பின்வாசல் வழியாக நழுவிப் போகிறவர்களில் பாதிப் பேராவது உட்கார்ந்து பேசுவார்கள். பரிசோதனை முடிவுகள் நார்மல் என்று வந்தவரை அனுப்பிவிடாமல், நான்கு வாரம் கழித்து அதே மருத்துவரிடம் வரும்படி சீட்டிலேயே தேதி எழுதித் தரலாம். எடை குறைகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, புதிதாக ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்று அன்று மீண்டும் கேட்டுத் தொட்டுப் பரிசோதித்தால், தப்பிய நோய் பிடிபட வாய்ப்பு உண்டு. பிடிபட நோயே இல்லை என்றாலும், தன்னை யாரும் கைகழுவிவிடவில்லை என்பது நோயாளிக்குத் தெரியும்.

தங்கள் பகுதியில் பதில் எழுதும் மருத்துவருக்கும் என் வேண்டுகோள் இதை ஒட்டியதுதான். முகம் பார்க்காமல், நாடி தொடாமல், தபாலில் வந்த நான்கு வரியை வைத்து ‘இது மனத்தால் வருவது’ என்றோ ‘உடலால் வருவது’ என்றோ தீர்ப்பு எழுத வேண்டாம். உபாதை எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, காலையிலா மாலையிலா, அதனால் எந்த வேலையை விட்டீர்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். தாக்கம் வரும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரை மாற்றிக்கொண்டே இராமல் ஒருவரிடமே தொடருங்கள் என்று சொல்லலாம். அதற்கும் இப்போது யோகாவுக்கு ஒதுக்கும் அதே இடம்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
கும்பகோணம்.